தலைமாட்டுப் பலகையும் தமிழர் கையும்

கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தப்படும் மெத்தை வைத்த பலகையொன்றை, கருவி பிடித்தறியாத ஒருவர் தம் வீட்டிலேயே செய்துகொள்வது எங்ஙனம் என்பது ஒரு தமிழ்க் கட்டுரைக்குரிய பொருளா? எழுத்தாளர் கூடும் அவையில் இவ்வினா எழுமாயின் பலர் புன்னகை செய்வர். சிலர் முகம் சுளிப்பர். மொழி, இனம், பண்பாடு, காப்பியம் என்று பெரும்பொருள்கள் விரிந்து கிடக்க, பலகையையும் பஞ்சையும் பேச வேண்டுமோ என்பர். அந்தப் புன்னகையும் அந்த முகச்சுளிப்புமே இக்கட்டுரை எதிர்த்து வழக்காடும் பொருள்கள். கையால் செய்யப்படும் எதுவும் தமிழில் எண்ணுவதற்கும், தமிழில் எழுதுவதற்கும், தமிழில் கற்பிப்பதற்கும் தகுதியற்றது என்று ஒதுக்கும் மனப்போக்கு மலேசியத் தமிழ்க் கல்வியுலகில் வேரூன்றிக் கிடக்கின்றது. அது தமிழுக்கும் கேடு, தமிழர்க்கும் கேடு.

மரம் வந்த வழி

ஜொகூர் மாநிலத்தின் தென்பகுதியில், பாசிர் கூடாங்கை அடுத்துள்ள நகரம் மாசாய். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தைச் சூழ்ந்திருந்தவை தோட்டங்கள். 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயற்படத் தொடங்கியது, தொழிற்சாலைகள் பெருகின, தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீட்டில் பாய் விரித்து உறங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீட்டில் கட்டிலின்மீது உறங்குகின்றனர். இது வளர்ச்சியே, எவரும் இதனைக் குறை கூற இயலாது.

ஆனால் அக்கட்டில் எம்மரத்தால் ஆயது என்று கேட்பவர் எத்தனை பேர்? மலேசியாவில் செய்யப்படும் மரத் தளவாடங்களுள் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது. மாசாய் அமைந்துள்ள அதே ஜொகூரின் வடமேற்கில் உள்ள மூவார், அத்தொழிலின் தலைமையிடமாக விளங்குகின்றது. மூவாரில் செய்யப்படும் கட்டில்களும் மேசைகளும் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் செல்கின்றன.

இம்மரம் இந்நாட்டு மரம் அன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து விக்காம் என்பவர் கொண்டுசென்ற விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் தலைவராக 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். பின்னர்த் தோட்டங்கள் பரந்தன. கடல் கடந்து தமிழர் வந்தனர். ஒரு ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும், அதன்பின் வெட்டப்படும். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே எரிந்தது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பற்றிக் கருத்து, வண்டு துளைத்துப் பொடியாகிவிடும் மரம் என்பதே அதற்குக் காரணம். கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம் போன்றவற்றின் உழைப்பால், வெட்டியவுடன் போரான் உப்புக் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றது. 1980-ஆம் ஆண்டுகளில் விறகு தளவாடமாக உயர்ந்தது.

மரம் மட்டும் அன்று. மெத்தையும் அம்மரத்தின் கொடையே. ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தைப் பொருளாக்கும் முறையை டன்லப் நிறுவனத்தார் 1929-இல் கண்டனர். ஆக, ஒரு மாசாய்த் தமிழர் தலை சாய்க்கும் பலகைச் சட்டமும், அவர் படுக்கும் மெத்தையும், அவருடைய பாட்டனார் விடியலில் எழுந்து சீவிய மரத்தின் உடம்பும் குருதியுமாக இருத்தல் கூடும். அதனை அவர் தவணைமுறையில் வாங்கி, மாதந்தோறும் பணம் கட்டுகின்றார். அது எவ்வாறு செய்யப்பட்டது என்று அவரும் அறியார். அவர்தம் பிள்ளையும் அறியாது. பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் அறியார்.

பாட்டனாரோ அறிந்திருந்தார். பால் வெட்டுதல் வெறும் கூலிவேலை என்று எழுதிவைத்தவர்கள் அதனைச் செய்து பாராதவர்கள். ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குப் பட்டையைச் சீவ வேண்டும். உளி சற்றே ஆழ்ந்தால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுற்று மரம் முண்டு முடிச்சாகும். சற்றே மேலோடினால் பால் சுரவாது. இருள் பிரியாப் பொழுதில், ஒருநாளைக்குச் சில நூறு மரங்களில் இக்கணக்கைப் பிழையாமல் செய்த கை, கலைஞனின் கை. அக்கை தான் செய்த தொழிலுக்குத் தமிழும் செய்தது. பால்மரம், கித்தா, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், பெரட்டு என்று ஒரு சொற்களஞ்சியமே தோட்டத்தில் பிறந்தது. மலாய்ச் சொல்லை வளைத்தும், ஆங்கிலச் சொல்லை நசுக்கியும், பழந்தமிழ்ச் சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றியும், பள்ளிப்படி மிதியாத மக்கள் தம் தொழிலைத் தம் மொழிக்குள் கொண்டுவந்தனர். பட்டம் பெற்ற பேரப்பிள்ளைகளோ அதே மரம் பலகையாகித் தம் வீட்டிற்குள் வந்த பின்னர், அதைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ச் சொல்லும் இன்றி நிற்கின்றனர். எவர் கற்றவர், எவர் கல்லாதவர்?

நக்கீரர் நாணவில்லை

கட்டிலும் மெத்தையும் இலக்கியத்திற்கு அப்பாற்பட்டவை என்பாரைப் பத்துப்பாட்டின் பக்கம் திருப்புதல் வேண்டும். நெடுநல்வாடையில் நக்கீரர், பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் அரசியைக் காட்டுமுன் அவள் வருந்தியிருக்கும் கட்டிலைக் காட்டுகின்றார். மேலெழுந்தவாரியாகக் காட்டவில்லை, செய்முறையோடு காட்டுகின்றார். நாற்பது வயது நிரம்பிப் போரில் பட்ட யானையின் கொம்பு, அதனைச் செதுக்கிய உளி, இடையிடையே அமைந்த இலைத்தொழில், கால்களின் திரட்சி, மேல்விரிப்பில் பொறிக்கப்பட்ட வேட்டைக் காட்சி, அன்னத்தின் தூவி பெய்த அணை என்று ஒவ்வொன்றையும் முறைப்படி அடுக்குகின்றார். அவ்வரண்மனை எழுந்த வரலாற்றையும், கயிறு பிடித்து அளந்து மனை வகுத்த திறத்தையும் அவர் விடவில்லை.

மாணவர் இப்பகுதியைப் படிக்கின்றனர். 'பாண்டில்' என்பதற்குக் கட்டில் என்று பொருள் எழுதுகின்றனர். ஆனால் அந்தப் புலவர் தச்சரின் பட்டறையில் நின்று கண்டவர் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கட்டிலைச் செய்யும் கையை மதித்ததாலன்றோ கட்டிலைப் பாடும் சொல் அவருக்கு வாய்த்தது? உளியின் கூர்மையைக் கண்டறியாத புலவர் உளியைப் பாட இயலாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு கட்டிலைப் பற்றி முப்பது வரி விளக்கவுரை எழுதும் தமிழாசிரியர், தம் கட்டிலைப் பற்றி மூன்று வரி எழுதத் தயங்குவதைப் பற்று என்பதா, பாசாங்கு என்பதா?

தமிழ் இத்துறையில் வறிய மொழியும் அன்று. கட்டிலுக்குத் தலைமாடு, கால்மாடு என்று இருபுறத்திற்கும் பெயர் உண்டு. மூலை செங்கோணமாக உள்ளதா என்று பார்ப்பது மூலைமட்டம். கிடைமட்டத்தைக் காட்டுவது ரசமட்டம். மரத்தை இழைப்பது இழைப்புளி. உளியின் தலையில் அடிப்பது கொட்டாப்புளி. தேய்த்து மழமழப்பாக்குவது உப்புத்தாள். இவை அகராதிக் குழு கூடி ஆக்கிய சொற்கள் அல்ல; தச்சர் வாயில் வாழ்ந்த சொற்கள். அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களுடன் சொற்களும் சுடுகாடு செல்கின்றன.

செய்முறையே பாடம்

இனி, தலைமாட்டுப் பலகையைச் செய்யும் முறையைப் பார்த்தல் வேண்டும். அதனைச் சொல்லாமல் அதன் சிறப்பைப் பேசுவது, நீந்தத் தெரியாதவர் கடலைப் புகழ்வது போன்றதாகும்.

முதற்கண் அளவு. இந்நாட்டில் குயின் அளவு எனப்படும் கட்டிலின் அகலம் 152 சென்டிமீட்டர். பலகையின் அகலமும் அதுவே ஆகலாம். மெத்தையின் மேல்மட்டத்திற்குமேல் 60 சென்டிமீட்டர் உயரம் இருப்பின், அமர்ந்து நூல் படிப்பார்க்கு முதுகு சாய்க்க இடம் கிடைக்கும். பலகைக்குப் பிளைவுட் என வழங்கும் ஒட்டுப்பலகை ஏற்றது. கனம் 12 மில்லிமீட்டர் வேண்டும். அதனினும் மெல்லியதாயின் வளையும். பின்புறம் அடிக்கும் முள் முன்புறம் எட்டிப் பார்க்கும். பலகைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கலாம். தொடக்கநிலையாளர்க்கு அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அளவு சொல்வது அவர் கடமை. தவறாகச் சொன்னால் கடைக்காரர் தவறாகவே அறுத்துத் தருவார்.

அடுத்து, மெத்தைப் பொருள். 5 சென்டிமீட்டர் கனமுள்ள நுரைப்பஞ்சு போதும். கோடு கிழித்து, ரொட்டி வெட்டும் நீண்ட பற்கத்தியால் அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுத்தால் ஓரம் நேராக வரும். பலகையின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்த பின்னரே பஞ்சை ஒட்ட வேண்டும்; இல்லையேல் கூரிய விளிம்பு நாளடைவில் துணியைத் தின்றுவிடும். பசை தெளிக்கும்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. பஞ்சின்மீது மெல்லிய பஞ்சுவிரிப்பு ஒன்றைப் போர்த்தினால் ஓரங்கள் மென்மையாகத் திரண்டு நிற்கும்.

இந்த நுரைப்பஞ்சைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி ரப்பர்ப் பாலால் ஆனதன்று. பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள். 1979-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து உல்வர்த்ஸ் கடையில் தீப்பற்றி 10 பேர் மாண்டனர். இத்தகைய பஞ்சு வைத்த தளவாடங்களே தீயையும் நச்சுப்புகையையும் விரைந்து பெருக்கின. அதன் விளைவாக 1988-இல் தளவாடத் தீப்பாதுகாப்பு விதிகளை அந்நாட்டரசு கடுமையாக்கியது. கடையில் பளபளக்கும் பலகையை வாங்குபவர் உள்ளே இருப்பதைக் காணார். தாமே செய்பவர் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்கின்றார். தீத்தடுப்பு ஏற்றிய பஞ்சு உண்டா என்று கடையில் கேட்கின்றார். கொசுவத்தியும் விளக்கும் தலைமாட்டிற்கு அருகில் வரலாகாது என்று உணர்கின்றார். அறிந்து பயன்படுத்துவதற்கும் அறியாமல் பயன்படுத்துவதற்கும் உள்ள வேற்றுமை, சில வேளைகளில் உயிருக்கும் சாவிற்கும் உள்ள வேற்றுமை.

மூன்றாவது, துணி. இங்கேதான் தொடக்கநிலையாளர் பெரிதும் இடறுவர். பலகையின் அகலம் 152. பஞ்சின் கனம் 5, பலகையின் கனம் 1.2, பின்புறம் மடித்து முள்ளடிக்க 8 என்று ஒரு பக்கத்திற்கு 14.2, இரு பக்கத்திற்கும் 28.4. ஆகத் துணியின் தேவை 180.4 சென்டிமீட்டருக்கு 88.4 சென்டிமீட்டர். தளவாடத் துணி பெரும்பாலும் 137 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். உயரம் 90 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டதே என்று ஒரு மீட்டர் வாங்கி வந்தவர், பக்கவாட்டில் துணி எட்டாமல் விழிப்பார். துணியைக் குறுக்கே திருப்பி, அதன் நீளம் பலகையின் அகலத்தில் ஓடுமாறு 2 மீட்டர் வாங்க வேண்டும். துணியில் பூ வரைந்திருந்தால் அப்பூ படுத்துக்கொள்ளும். ஆகவே திசையற்ற துணியே முதல் முயற்சிக்கு ஏற்றது. எஞ்சும் துணி 48.6 சென்டிமீட்டர் அகலம். அதில் தலையணைக்கு உறை தைக்கலாம். ஐந்தாம் ஆண்டு மாணவரின் கணக்குப் புத்தகத்தில் இதனினும் உயிருள்ள கணக்கு ஒன்று உண்டா?

நான்காவது, இழுத்து அடித்தல். துணியைத் தரையில் குப்புற விரித்து, பஞ்சு கீழாகப் பலகையை அதன்மேல் கிடத்த வேண்டும். ஸ்டேப்லர் துப்பாக்கி என்று கடையில் கூறப்படும் கருவியும், 10 மில்லிமீட்டர் முள்ளும் வேண்டும். ஒரு விளிம்பை முழுதும் அடித்து முடித்துவிட்டு மறுவிளிம்பிற்குப் போவது இயல்பான அவசரம், அதுவே பிழை. அவ்வாறு செய்தால் துணி ஒருபுறம் சாயும். நெசவின் இழை வளைந்து நிற்கும். மேல்விளிம்பின் நடுவில் ஒன்று, நேர் எதிரே கீழ்விளிம்பின் நடுவில் ஒன்று, பின் இடமும் வலமும் ஒவ்வொன்று என்று நான்கு திசையிலும் கட்டிய பிறகே, நடுவிலிருந்து மூலை நோக்கி மாற்றி மாற்றி நகர வேண்டும். மூலைகள் இறுதியில். மிகுந்த துணியைக் கத்தரித்து, சேலைக்குக் கொசுவம் வைப்பது போல் மடித்து, ஒரே இழுப்பில் அமுக்கி அடிக்க வேண்டும். கொசுவம் என்னும் சொல்லை அறிந்த தாயார் இம்மூலையை எந்த ஆண்மகனினும் நேர்த்தியாக மடிப்பார். குஷன் வேலை ஆண்களுக்கே உரியது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பொத்தான் பதித்துக் குழிகள் ஆக்கும் வேலையை மட்டும் இரண்டாம் பலகைக்கு ஒத்திவைப்பது அறிவுடைமை.

ஐந்தாவது, நிறுத்துதல். ரப்பர் மரச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் 45 பாகைச் சரிவாக அறுத்தால் ஒன்றையொன்று கவ்வும் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டைச் சரிவு மேல்நோக்கிச் சுவரிலும், மற்றதைச் சரிவு கீழ்நோக்கிப் பலகையின் முதுகிலும் திருகாணியால் பிணைத்தால், பலகையைத் தூக்கி மாட்டிவிடலாம், வேண்டும்போது எடுத்தும்விடலாம். எடை ஏறத்தாழ 8 கிலோ. செங்கற் சுவரில் துளையிட்டு முளை செருகித் திருகினால் சுவர் அதனை எளிதில் தாங்கும். ரசமட்டம் பாராமல் மாட்டினால் ஒருபுறம் தாழ்ந்து, காலமெல்லாம் கண்ணை உறுத்தும். ஜொகூரின் ஈரக்காற்றில் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் துணியில் பூஞ்சணம் படரும்; ஆகவே பின்புறம் காற்றோட இடம் விட்டு, முதுகிற்குப் பருத்தித்துணி அடிக்க வேண்டும்; பிளாஸ்டிக் தாள் ஆகாது. தெருவோரத்தில் எறியப்பட்ட பழைய மெத்தையின் பஞ்சை எடுத்தல் கூடாது. மூட்டைப்பூச்சி வாடகையின்றிக் குடியேறும்.

இவ்வளவே. இதில் வடிவியல் உண்டு, பொருளியல் உண்டு, வேதியியல் உண்டு, பொறுமை உண்டு. பிளைவுட், ஸ்டேப்லர் போன்ற வேற்றுமொழிச் சொற்கள் சிலவும் உண்டு. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு மொழி கடன்வாங்கிய சொற்களால் மெலிவதில்லை, பேசாமையால் மெலிகின்றது. எந்தத் தச்சரும் அறியாத நீண்ட கலைச்சொல்லை அறைக்குள் அமர்ந்து ஆக்குவோரும், தமிழில் ஆகாது என்று கைவிடுவோரும் வெவ்வேறு வழியில் ஒரே குழியில் விழுகின்றனர். வேலை நடக்கும் இடத்தில் சொல் பிறக்கும். மங்கும் ஒட்டுப்பாலும் அவ்வாறு பிறந்தவையே.

மறுப்புரைகளும் விடைகளும்

கடையில் வாங்குவது எளிதன்றோ என்பது முதல் மறுப்பு. எளிதே. 2017-இல் மாசாயிலிருந்து அதிகத் தொலைவில்லாத தெப்ராவில் ஐகியா என்னும் சுவீடன் நாட்டுக் கடை திறக்கப்பட்டது. பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும் தளவாடத்தை வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். அப்பெட்டிக்குள் இருக்கும் செய்முறைக் கையேட்டில் பெரும்பாலும் படங்கள் மட்டுமே இருக்கும், சொற்கள் இரா. உலகின் எம்மொழியினர்க்கும் அதுவே பொருந்தும் என்பது அவர்கள் வாணிக நுட்பம். அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால் தமிழாசிரியர் அங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். பிறர் செய்ததைப் பூட்டுவதற்கு மொழி வேண்டுவதில்லை. தானே ஒன்றை எண்ணிச் செய்வதற்கு மொழி வேண்டும். ஏன் இவ்வளவு கனம், ஏன் இத்திசை, தவறினால் என்ன நேரும் என்னும் வினாக்களுக்குப் படம் விடை சொல்லாது. வாங்கும் இனத்திற்கு மொழி அணிகலன். ஆக்கும் இனத்திற்கு மொழி கருவி. தமிழ் எதுவாக இருக்க வேண்டும் என்பதே வழக்கு.

முதற் பலகை கோணலாக வரும். கருவி வாங்கும் செலவையும் சேர்த்தால் மிச்சமும் பெரிதாக இராது என்பது உண்மையே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் முதற் கவிதையும் கோணலாகத்தான் வருகின்றது. அதற்காக எவரும் கவியரங்கத்தை மூடவில்லை. இரண்டாவது பலகைக்கு அதே கருவிகள் உள்ளன; கையும் பழகியிருக்கின்றது.

இரண்டாம் மறுப்பு கனமானது, மதிப்பிற்குரியது. தோட்டத்தில் கை தேய உழைத்தவர்கள், பிள்ளைகளாவது பேனா பிடிக்கட்டும் என்று பட்டினி கிடந்து படிக்கவைத்தனர். அப்பிள்ளைகளின் கையில் மீண்டும் சுத்தியலைக் கொடுப்பதா என்று கேட்கின்றனர். இதன் பின்னே நீண்ட வரலாறு ஒன்று உண்டு. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கப்பள்ளி மாணவர் பாதிநாள் பள்ளியிலும் மறுபாதிநாள் பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தார். குலக்கல்வித் திட்டம் என்று அதனை மக்கள் எதிர்த்தனர். 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் எதிர்த்தது முற்றிலும் சரி. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையே தைக்க வேண்டும், சிரைப்பவர் மகன் கத்தியையே தீட்ட வேண்டும் என்பது கல்வியன்று, விலங்கு.

ஆனால் அவ்வெதிர்ப்பின் பொருளைப் பலர் தலைகீழாக ஏந்திக்கொண்டனர். எதிர்க்கப்பட்டது தொழில் அன்று. பிறப்பால் தொழிலைப் பிணிக்கும் கொடுமை. தச்சர் மகன் மட்டும் உளி பிடிக்க வேண்டும் என்பது எவ்வளவு தீதோ, மற்றவர் மகன் உளியைத் தொடலாகாது என்பதும் அவ்வளவே தீது. இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள். வழக்குரைஞர் மகளும், மருத்துவர் மகனும், தோட்டத் தொழிலாளியின் பேரனும் ஒரே வகுப்பில் ஒரே பலகைக்குப் பஞ்சு ஒட்டினால், சாதியின் அடித்தளம் ஆட்டம் காணும். பின்லாந்து 1866-ஆம் ஆண்டிலேயே கைவினையைத் தொடக்கப்பள்ளிக்குரிய பாடமாக்கியது. மரச்சாமான் செய்யும் தொழிலாளரை உருவாக்குவது அதன் நோக்கமன்று; மரத்தோடு பழகிய மூளையை எல்லாக் குழந்தைகளுக்கும் தருவதே அதன் நோக்கம்.

தோட்டத்து உழைப்பும் வீட்டுக் கைவினையும் ஒன்றென்பதும் பிழை. தோட்டத்தில் எந்த மரம், எத்தனை மணி, எவ்வளவு கூலி என்று பிறர் அளந்தனர். தம் கட்டிலுக்குத் தாமே பலகை செய்பவர் அளவுநாடாவைத் தம் கையில் வைத்திருக்கின்றார். உழைப்பு இழிவன்று, பிறர் அளவுகோலின்கீழ் நிற்பதே இழிவு. பாட்டனார் விடுதலை பெற விரும்பியது அதனிடமிருந்துதான். தம் கையின் திறத்திடமிருந்து அன்று.

மூன்றாம் மறுப்பு தமிழாசிரியர் சிலரிடமிருந்து வருகின்றது. எங்கள் பணி மொழியும் இலக்கியமும். தொழிற்கல்வி வேறொருவர் பொறுப்பு என்கின்றனர். அந்த வேறொருவர் யார்? மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் மேல்வகுப்புகளுக்கென வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடநூல் தமிழில் வந்தது. ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளி சென்றதும், கருவி பற்றிய கல்வி மலாயில் நிகழ்கின்றது. தமிழ் ஒரு மொழிப்பாடமாகச் சுருங்குகின்றது. நாட்டுமொழியில் தொழில் கற்பது நன்றே. மூவார்த் தொழிற்சாலையிலும் பாசிர் கூடாங் பட்டறையிலும் அதுவே சோறு போடும். ஆயினும், பன்னிரண்டு வயதோடு ஒரு குழந்தையின் தமிழ் கருவியைக் கீழே வைத்துவிடுகின்றது என்பதையும் உணர வேண்டும். அதன்பின் அவ்வயதுக் குழந்தைக்குத் தமிழ் என்பது தேர்வு, மேடை, திருவிழா. மேடையில் மட்டும் பேசப்படும் மொழி பட்டுப்புடைவை போன்றது. பெட்டியில் பாதுகாப்பாக இருக்கும். நாளும் உடுக்க ஆகாது. அதனை மீண்டும் நாள்தோறும் உடுக்கும் உடையாக்குவது தமிழாசிரியர் பணி இல்லையெனில் வேறு எவர் பணி?

செய்ய வேண்டுவன

கண்டனம் மட்டும் போதாது. கட்டுரைப் போட்டிகள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. ஒற்றுமையின் உயர்வு, தாய்மொழியின் மேன்மை என்று தலைப்புகள் வழங்கப்படுகின்றன. மாணவர் மனனம் செய்த தொடர்களை வரிசையாக இறக்கி வைக்கின்றனர். ஓராண்டேனும் 'தலைமாட்டுப் பலகை செய்யும் முறை' என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். மனனம் செய்த தொடர் எதுவும் அங்கு உதவாது. எதனை முன் சொல்வது, எதனைப் பின் சொல்வது, எச்சொல்லால் சொன்னால் படிப்பவர் கை பிழையாது என்று மாணவர் எண்ணியே ஆக வேண்டும். ஒரு சொல் தவறினால் துணி பற்றாமற்போகும் என்னும் பொறுப்போடு எழுதுவதே உரைநடைப் பயிற்சி. அப்பயிற்சி பெற்றவர் பின்னர்க் கதை எழுதினும், அக்கதையில் ஒரு கட்டில் கட்டிலாக நிற்கும்.

பள்ளிதோறும் ஒரு பலகை செய்யப்பட வேண்டும். ஆசிரியர் தமக்குத் தெரியாது என்று தயங்க வேண்டுவதில்லை. ஊரில் ஓய்வுபெற்ற தச்சர் இருப்பார். சோபாவிற்கு உறை தைப்பவர் இருப்பார். பால் வெட்டிய பாட்டி இருப்பார். அவர்களை வகுப்பிற்கு அழைத்து, ஆசிரியர் நாற்காலியில் அமரவைத்து, அவர்கள் சொல்லும் கருவிப் பெயர்களையும் செயற் பெயர்களையும் மாணவர் ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளி ஐம்பது சொல் திரட்டினால், நாடு முழுவதும் திரளும் களஞ்சியம் எந்தக் கலைச்சொற் குழுவும் தர இயலாத செல்வமாகும். காலம் மட்டும் குறைவாக உள்ளது. முதியோர் காத்திருக்க மாட்டார்.

எழுத்தாளரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். தோட்ட வாழ்வின் துயரைப் பற்றி மலேசியத் தமிழிலக்கியம் நிறையவே எழுதியிருக்கின்றது. அது அதன் பெருமை. ஆனால் துயரை மட்டும் எழுதி, அத்துயரின் நடுவிலும் ஒளிர்ந்த கைத்திறத்தை எழுதாமல் விட்டால், வருங்காலத்தவர் தம் முன்னோரை அழுதவர்களாக மட்டுமே அறிவர், ஆக்கியவர்களாக அறியார். அது முன்னோர்க்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

தமிழ் வாழ்க என்னும் முழக்கம் எளிது. அதற்கு மூச்சு மட்டும் போதும். தமிழில் ஒரு பலகையைச் செய்ய மூச்சோடு கையும், கையோடு கணக்கும், கணக்கோடு பொறுமையும் வேண்டும். மாசாயில் எந்த வீட்டில் ஒரு சிறுமி அளவுநாடா பிடித்து, "அம்மா, மூலைமட்டத்தை எடுங்கள்" என்று கேட்கின்றாளோ, அந்த வீட்டில் தமிழை எவரும் வாழ்த்த வேண்டுவதில்லை. அது தானே வாழும்.